கண்ணுக்கு ரெண்டு துளி

மகள் பால் மறந்து மாதங்கள் கழிந்த பிறகும் எனக்குப் பால் நிற்கவில்லை. இதையெல்லாம் எழுத வெட்கமாயில்லையா என்று கேட்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. எங்கள் ஒழுங்கையில் கடலுக்குப் போகிற ஆம்பிளைகள் முதல் வாசலில் இருந்து மீன் வெட்டுகிற பெண்கள் வரை எல்லாருக்கும் தெரிந்திருந்த சங்கதி இது. என் மார்பில் பால் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, இன்றைக்கு யார் வீட்டுக்குப் போனது என்று ஊர் கதைத்து முடித்துவிட்டது. கதைக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். இப்போது என் முறை.

நாங்கள் இருப்பது திருகோணமலை உட்துறைமுகக் கரையோரம். ஒழுங்கையின் ஒரு முனையில் வீதி, மறு முனையில் வள்ளங்கள். வீட்டில் நான், கணவர், கணவரின் தாயான மாமி, மகள் என்று நாலு பேர். கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் பக்டரியில் எனக்கு வேலை. வள்ளக்காரர் வந்து எத்தனை கட்டி ஐஸ் வேண்டும் என்று சொல்ல, நான் ஒரு சின்ன யன்னலுக்குள் இருந்து துண்டு எழுதிக் கொடுப்பேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுக்க நேரத்தோடு வீட்டுக்குப் போக விட்டார்கள். அவள் நடந்து திரியத் தொடங்கியதும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அதனால் நானும் மார்பில் கற்றாழைச் சாற்றைத் தடவிக்கொண்டு பால் மறக்கப் பண்ணினேன். வாயை வைத்தவள் முகத்தைச் சுளித்து, என்னை நிமிர்ந்து பார்த்து, ஏமாந்துபோய் அழுதாள். நானும் அழுதேன். சில நாளில் அவள் சோறும் மீனும் தின்னப் பழகி எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். என் உடம்பு மறக்கவில்லை.

ஒழுங்கையில் எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்குப் பால் இறங்கும். பூனைக்குட்டி கத்தினாலும் இறங்கும். ஒருநாள் பக்டரி யன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம் கத்தியதற்கு இறங்கியது. உள்ளுடுப்புக்குள் கைலேஞ்சித் துணியை மடித்து வைப்பேன். அதுவும் நனைந்து சட்டைக்கு வந்துவிடும். துண்டு வாங்க வந்த வள்ளக்காரர் ஒருவர் என் கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டு, சட்டென்று தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். நல்ல மனிதர், எனக்காகத்தான் திரும்பினார். ஆனால் நான் அன்று முழுக்கக் கூசிப்போய் இருந்தேன். பின்னேரம் முகாமையாளர் கூப்பிட்டு, "இனி ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். ஐஸ் உடைக்கிற பொடியங்கள் வெறும் மேலோடு திரிகிற இடத்தில் நான் சால்வை போர்த்திக்கொண்டு இருக்க வேண்டும்.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. ஒருத்தி, அடுத்தது தங்கியிருக்கும் என்று என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொருத்தி, பிள்ளை ஏங்குது, அதுதான் வற்றுதில்லை என்றாள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றும் என்று கேள்விப்பட்டு, கோயிலடியில் பூ வாங்கி வந்து கட்டிக்கொண்டேன். மாமி கண்டுவிட்டு, "சாமிக்கு வைக்கிற பூவைக் கொண்டுபோய் எங்க வைச்சிருக்கிறாய் பிள்ளை?" என்று பெரிய சத்தம் போட்டார். சரியென்று பூவை விட்டுவிட்டுக் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், இலைக்கு மாறினேன். கணவர் வந்து படுத்ததும் மூக்கை உறிஞ்சி, "குசினியில ஏதோ சுண்டிக்கிடக்கு போல" என்றார். குசினியில் ஒன்றும் இல்லை. நான்தான்.

இவ்வளவும் நடக்கும்போது சோற்றுக்கு என்ன கறி தெரியுமோ? பால்சுறா வறை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று கரையோரத்தில் ஆக்கிக் கொடுக்கிற மீன். மகள் பால் மறந்த பிறகும் மாமி கிழமைக்கு ஒருதரம் அதை வாங்கி, தேங்காய்ப்பூ போட்டு வறுத்து, என் சோற்றுக் கோப்பையில் மட்டும் ஒரு அகப்பை கூடுதலாக வைப்பார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்பு என்று நினைத்துத் தின்றேன். கச்சான் காற்று தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

கச்சான் எங்கள் பக்கத்துக் கோடைக் காற்று. மேற்கிலிருந்து சூடாக வீசும். வீதிப் புழுதி எல்லாம் கண்ணுக்குள்தான் வந்து விழும். வீட்டுக்கு ஒருவர் கண் சிவந்து, பீளை தள்ளிக்கொண்டு இருப்பார்கள். அதற்கு இங்கே முதல் மருந்து முலைப்பால். பச்சையாக எடுத்துக் கண்ணுக்கு ரெண்டு துளி விடுவார்கள். ஆனால் எல்லாருடைய பாலும் ஆகாது. பெண்பிள்ளை பெற்றவளின் பால் குளிர்மை, ஆண்பிள்ளை பெற்றவளின் பால் சூடு என்று ஒரு சட்டம். அந்தக் கோடையில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் முனை வீட்டுக்காரி ஒருத்திதான். அவளுக்கு மகன். அதனால் அவளை ஒருவரும் தொந்தரவு பண்ணவில்லை. மிச்சமாக இருந்தது நான்.

இந்த இடத்தில் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மகள் பிறந்த அன்று மாமி ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்தார். "பெட்டைதான்" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆறுதல் சொல்வார்கள் போல, "ஓம், ஓம், என்ன செய்யிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தையல் போட்ட வயிற்றோடு நான் உள்ளே படுத்திருந்து எல்லாவற்றையும் கேட்டேன். முன்வீட்டு அக்கா பிள்ளை பார்க்க வந்து, "அடுத்தது கட்டாயம் ஆம்பிளைப்பிள்ளைதான், கவலைப்படாதையுங்கோ" என்றார். நான் கவலைப்படுகிறேன் என்று யார் இவருக்குச் சொன்னது? அதே அக்காதான் கச்சானுக்கு முதல் ஆளாகக் கையில் சின்னக் கிண்ணத்தோடு வேலிப் படலையடியில் வந்து நின்றார். "உங்கட பெட்டைப்பிள்ளையின்ர பால்தான் குளிர்மை தங்கச்சி. இவருக்குக் கண் ரெண்டும் நெருப்பாக் கிடக்கு." பெண் பிறந்தால் ஆறுதல் சொல்வார்களாம், அவளின் பாலை மட்டும் கிண்ணம் கொண்டுவந்து கேட்பார்களாம்.

அந்த அக்காவைப் பற்றி வேறு குறை சொல்ல எனக்கில்லை. முன்வீட்டு அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். நல்ல மீன் பட்டால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். அந்த மீனை நினைத்தோ என்னவோ, நான் வாய் திறக்க முதல் மாமி படலையடிக்குப் போய்விட்டார். "அதுக்கென்ன, கிடக்குதுதானே. பிள்ளை, உள்ளுக்குப் போய் எடுத்துக்கொண்டு வா." தோட்டத்தில் கருவேப்பிலை கிடக்கிறது, ஒரு நெட்டு முறித்துக்கொண்டு போ என்று சொல்கிற குரல். பிறகு பக்கத்து வீடு வந்தது. பிறகு அடுத்த ஒழுங்கை வந்தது. மாமிக்கு அந்தக் கோடையில் ஊருக்குள் நல்ல மரியாதை. எடுத்துக் கொடுத்தது நான், புண்ணியம் அவவுக்கு.

ரெண்டு துளி என்பது கேட்கிறவர்களுக்குத்தான் ரெண்டு துளி. அதை எடுக்க நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மார்பைப் பிடித்து அமத்த வேண்டும். ஒரு பக்கத்தைத் தொட்டால் மற்றப் பக்கமும் இறங்கும். கிண்ணத்துக்குப் போவது கொஞ்சம், துணியில் போவது மிச்சம். எடுத்துக் கொடுத்த அடுத்த நாள் விடிய மார்பு கல்லாக இறுகி, கையைத் தூக்க ஏலாமல் நோகும். உடம்புக்கு என்ன தெரியும்? ஆரோ ஒரு பிள்ளை இன்னும் குடிக்கிறது என்று நினைத்து அது ஊறிக்கொண்டே இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இது நிற்க வேண்டும், என் உடம்பு எனக்குத் திரும்பி வர வேண்டும்.

கூடவே ஒரு பயமும் வந்துவிட்டது. இப்படி நிற்காமல் வருவது ஏதும் நோய் வருத்தமோ, உள்ளுக்குள் ஏதும் கட்டி கிட்டி இருக்குமோ என்று. லீவு போட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். அவ மாதவிலக்கு ஒழுங்கா வருகிறதா, தலையிடி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, என்ன குளிசை மருந்து குடிக்கிறேன் என்றெல்லாம் ஆறுதலாகக் கேட்டு, இரத்தம் சோதிக்க அனுப்பினா. மறுபடி போனபோது பயப்பட ஒன்றுமில்லை என்றா. பால் மறக்கப் பண்ணின பிறகும் சிலருக்கு இப்படிக் கொஞ்சக் காலம் வருமாம். "நீங்கள் அமத்திப் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டா. நான் கிண்ணக் கதையைச் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"பிறகு எப்பிடியம்மா நிக்கும்? கேக்கக் கேக்க உடம்பு குடுக்கும். ஒருத்தரும் தொடாமல் விடுங்கோ. தானாக நிண்டிடும். நிக்காட்டில் திரும்பி வாங்கோ. அதோட, கண்ணுக்குள்ள ஒருத்தருக்கும் விடவேண்டாம். அது மருந்தில்லை."

எவ்வளவு சின்ன வைத்தியம்! ஒருத்தரும் தொடாமல் விட வேண்டுமாம். நான் ஓட்டோவில் சந்தோசமாக வீட்டுக்கு வந்து மாமிக்குச் சொன்னேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "உனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையெண்டுதானே சொன்னவ?" என்றார். ஓம் என்றேன். "பிறகென்ன?" என்றார். அவ்வளவுதான். அன்று பின்னேரமே ஒருத்தி கிண்ணத்தோடு வந்தாள்.

நான் சொன்ன மறுப்புகள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏலாது, எனக்கு நோகுது என்றேன். நோகுமென்றால் எடுத்துவிட்டால் சுகம்தானே என்றார்கள். டொக்டர் வேண்டாமென்றவ என்றேன். டொக்டர்மாருக்கு எங்கட முறை என்ன தெரியும் என்றார்கள். வேலையால் வந்து களைத்திருக்கிறேன் என்றேன். நாங்கள் இருந்து பாக்கிறம், நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எடுங்கோவன் என்று விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டார்கள். கணவரிடம் முறையிட்டேன். அவர் கெட்டவரில்லை; ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "இஞ்சபாரும், ரெண்டு துளிதானே. சனத்தோட ஏன் கொழுவிக்கொள்ளுறீர்? குடுத்திட்டு விடுமன்." அவருடைய உடம்பிலிருந்து ஆரும் ஒரு தலைமயிர் கேட்டு வந்ததில்லை. ஆனால் என்னுடையதைக் கொடுத்துவிடச் சொல்ல அவருக்கு ஒரு கணமும் எடுக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு தரமும் நான்தான் கிண்ணத்தோடு அறைக்குள் போனேன்.

மாமிக்கு நீண்ட நாளாக ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்து, ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்து, கண்ணுக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் மூடியோடு வீட்டுக்கு வந்தார். தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, தந்த துளிமருந்தைத் தவிர வேறொன்றும் விடக்கூடாது என்று தாதி எனக்கும் அவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினா. துளிமருந்து எரிகிறது என்று மாமி முதல் நாளே முணுமுணுக்கத் தொடங்கினார்.

ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், முன்வீட்டு அக்கா எங்கள் விறாந்தையில் இருக்கிறார். மடியில் அந்தக் கிண்ணம். மாமி கண்மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அண்ணாந்து படுத்திருக்கிறார்.

"பிள்ளை, கண் எரிஞ்சு தாங்கேலாமல் கிடக்கு" என்றார் மாமி. "ரெண்டு துளி எடுத்துக்கொண்டு வா. குளிர்மையா இருக்கும்."

"ஏலாது மாமி."

"என்ன ஏலாது?"

"ஒப்பரேசன் செய்த கண். நான் தரமாட்டன்."

மாமி எழும்பி இருந்தார். கண் கலங்கத் தொடங்கிவிட்டது, அது வேறு கூடாது. "ஊருக்கெல்லாம் குடுத்தாய். வீட்டில இருக்கிற எனக்கு இல்லையோ? நான் என்ன உனக்கு அப்பிடிச் செய்தனான்?" ஊருக்குக் கொடுத்தது யார் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. முன்வீட்டு அக்கா அவரைத் தடவி, "அழாதையுங்கோ பெரியம்மா. நான் முனை வீட்டில போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று எழும்பினார். அக்கா வாங்கப் போனால் நான் எப்படித் தடுப்பேன்? ஆனால் மாமி கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "வேண்டாம், வேண்டாம். அது ஆம்பிளைப்பிள்ளைப் பால். சூடு. கண் அவிஞ்சுபோடும்." மாமியின் கண்ணைக் காப்பாற்றியது அந்த மூடச் சட்டம்தான். அந்த நேரத்தில் அதற்கும் நான் நன்றி சொன்னேன்.

அப்போதுதான் கணவர் வந்தார். அம்மா அழுகிறார், அயலவ ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறா, மனைவி வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் வழக்கம்போல, "குடுமன், என்ன குறைஞ்சுபோச்சு உமக்கு?" என்றார்.

"குறைஞ்சுபோறது எனக்கில்லை, உங்கட அம்மாவின்ர கண். கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய், கண்ணுக்குள்ள என்ன விட்டது, ஆரின்ர விட்டது எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. சொல்லுவீங்களெண்டால் இப்பவே எடுத்துத் தாறன்."

அவர் கிட்டப் போய், கண்மூடியை எடுத்து, கழுவித் துடைத்து, அம்மாவுக்குப் போட்டுவிட்டார். முன்வீட்டு அக்கா வெறுங் கிண்ணத்தோடு போனார். மாமி என்னோடு கதைப்பதை நிறுத்தினார். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தால், சுவரைப் பார்த்து "அங்க வை" என்பார். துளிமருந்து விட நான் கிட்டப்போனால் மட்டும் முகத்தை நீட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு.

கிளினிக் நாளில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் டொக்டர் சிங்களவர், பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொல்லிக்கொடுத்தா. கண் நன்றாக ஆறிவருகிறது என்றார். பால் கதையை நான் எடுக்கவில்லை. மாமிதான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தாதியிடம் குழைந்தார். "மிஸ், எரிவுக்கு முலைப்பால் ரெண்டு துளி விட்டால் என்ன எண்டு ஒருக்கால் கேளுங்கோ." தாதி கேட்டா. டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மாமியின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார். சத்தம் போடவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னார். தாதி சுருக்கமாகச் சொன்னா: "கிருமி போகுமாம். இந்த நேரத்தில விட்டால் கண்ணே போயிடுமாம். ஆராவது விட்டவையோ எண்டு கேக்கிறார்."

"இல்லை" என்றார் மாமி. "ஒருத்தரும் விடல்லை."

மூதூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள், கிண்ணியாக்காரர், டவுண்காரர் என்று உட்காருகிற வாங்குகள் நிறையச் சனம் இருந்தது. அந்த நெரிசலுக்குள்ளால் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டோவில் ஏறியும் கையை விடவில்லை. நீ சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

இரண்டொரு நாளில், பொழுதுபடுகிற நேரம் முன்வீட்டு அக்கா மறுபடி வந்தார். இடுப்பில் அவருடைய பேரப்பிள்ளை, கையில் கிண்ணம். அக்காவின் கணவருக்கு நைலோன் நூல் கண்ணில் கீறிவிட்டதாம். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளிக்கிட முதல், மாமி படலையடியில் நின்று சொல்வது கேட்டது.

"பால் வத்திப்போச்சு. மருமகளுக்கு இப்ப ஒரு சொட்டும் இல்லை."

"அப்பிடியோ பெரியம்மா? ஐயோ. சரி, பின்ன என்ன செய்யிறது" என்றார் அக்கா, உடனேயே, ஒரு குறையும் இல்லாமல். வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

மாமி எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். தன் கண் தப்பியதற்கு அவருக்குத் தெரிந்த விதத்தில் நன்றி சொன்னார். அது எனக்கு விளங்கியது. விளங்கியும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னென்று சொல்ல! எத்தனை மாதமாக என் வாயால் சொல்லியிருப்பேன். நோகிறது என்றேன், ஏலாது என்றேன், டொக்டர் சொன்னா என்றேன், வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒன்றும் ஏறவில்லை. இல்லை என்று ஒரு பொய், அதுவும் மாமி வாயால், ஒரு நொடியில் ஏறிவிட்டது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் இவர்கள் காது கேட்காமல் இருக்கவில்லை. பொருள் முடிந்துவிட்டது என்றால் விளங்குகிறது. பொருளுக்குச் சொந்தக்காரி மாட்டேன் என்றால் மட்டும் விளங்குவதில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவின் இடுப்பிலிருந்த பிள்ளை சிணுங்கியது. என் சட்டை நனைந்தது.

நான் அப்படியே வெளியே போனேன். சால்வை போடவில்லை.

"வத்தல்லை அக்கா" என்றேன். "இருக்கு. நான் தரமாட்டன்."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். அக்கா என் சட்டையைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார். "கண்ணுக்கெல்லோ தங்கச்சி கேக்கிறன்" என்றார், முகம் சிவந்துபோய்.

"கண்ணுக்கெண்டால் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கீறின கண்ணுக்குப் பால் விட்டால் கண் போயிடும். மாமிக்கும் டொக்டர் அதைத்தான் சொன்னவர். கேளுங்கோவன், பக்கத்திலதானே நிக்கிறா."

மாமிக்கு அது பெரிய தலைகுனிவு. ஊருக்குப் புண்ணியம் செய்தவ என்று பெயர் எடுத்த ஆள், ஒரு கண்ணில் மூடியோடு, தன் பொய்யும் பிடிபட்டு நிற்கிறார். இல்லை என்று சொல்லி என்னைக் கைவிட்டிருக்கலாம். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். மாமி படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, "ஓம், சொன்னவர்" என்றார் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக, "அந்தாளைக் கூட்டிக்கொண்டு போ மேனே. வீட்டில வைச்சிருக்காதை."

அக்கா போனார். அன்றே தன் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகப் பிறகு அறிந்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமி உள்ளே வந்து என்மேல் பாய்ந்தார். "நான் ஒரு மாதிரி நல்லா முடிச்சு வைச்சனான். நீ வந்து குழப்பிப்போட்டாய். இனி எங்களை என்ன நினைப்பினம்?"

என்ன நினைத்தார்கள் என்பது எனக்குக் கெதியில் தெரிந்துவிட்டது. இருந்தும் கொடுக்காதவள் என்று ஒழுங்கையில் பெயர் வந்தது. முன்வீட்டிலிருந்து மீன் வருவது நின்றது. அக்கா என்னைக் கண்டால் படலையைச் சாத்துவார். கணவருக்கு அது மனவருத்தம். எனக்கும் வருத்தம் இல்லையென்று இல்லை. ஒழுங்கையால் நடக்கும்போது கதை நின்று, நான் தாண்டிய பிறகு தொடங்கும்.

தொடாமல் விட்ட பால் மெல்ல மெல்லக் குறைந்தது. எந்த நாளில் நின்றது என்று எனக்கே தெரியாது. கைலேஞ்சிகளைத் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். இப்போது ஒரு சொட்டும் இல்லை. அதை நான் மாமிக்கும் சொல்லவில்லை, கணவருக்கும் சொல்லவில்லை. போன கச்சானுக்கும் தூரத்து ஒழுங்கையிலிருந்து ஒருத்தி, விசயம் தெரியாமல், கிண்ணத்தோடு வந்து நின்றாள். வற்றிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் முகம் கோணாமல் போயிருப்பாள். "தரமாட்டன்" என்றுதான் சொன்னேன்.